இசைக்கு ஒரு களஞ்சியம்

பவானிபூரில் யது பாபு பஜாருக்குச் சற்றுத் தள்ளி நாங்கள் குடியிருக்கும் வாடகை வீட்டின் முன்னறையில், கண்ணாடிக் கதவு போட்ட தேக்கு அலமாரி ஒன்று இருக்கிறது. என் தந்தையார் 1968-ஆம் ஆண்டில் மத்திய சர்க்கார் குமாஸ்தாவாகக் கல்கத்தாவுக்கு வந்து, முதல் தீபாவளிக்குத் துணி எடுக்காமல் இசைத்தட்டு வாங்கினார் என்று என் தாயார் குறைகூறிச் சொல்வதுண்டு. அன்று தொடங்கிய சேர்க்கையில் நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழலும் பழைய அரக்குத் தட்டுகள் நூற்றைம்பதும், நெடுநேரம் ஓடும் தட்டுகள் எண்பதும், காஸெட்டுகள் முந்நூறும் சேர்ந்தன. சென்ற ஆண்டு என் மகன் அலமாரியின் முன் நின்று, “இவ்வளவையும் ஒரு பெட்டியில் ஏற்றி, வீட்டில் எந்த அறையிலிருந்தும் கேட்கும்படி செய்துவிடலாமே, எந்தப் பெட்டியை வாங்கலாம், அப்பா?” என்று கேட்டான்.

என் தொழில் மொழிபெயர்ப்பு, பொறியியல் அன்று. ஆகவே கடைக்குப் போவதற்கு முன் சரித்திரத்தைத் தேடிப் போனேன். இசையை எதில் வைப்பது என்னும் இதே கேள்வியை இந்நகரம் நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்டு வந்திருப்பதையும், அக்கேள்வியில் தமிழர்களாகிய நமக்கும் ஒரு பங்கு இருப்பதையும் கண்டேன்.

1902-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் லண்டன் கிராமபோன் கம்பெனியின் ஒலிப்பதிவாளர் ஃபிரெட் கைஸ்பர்க் என்பார் கல்கத்தாவில் தம் கருவிகளை அமைத்தார். மின்சார ஒலிவாங்கி வராத காலம் அது. பாடுபவர் ஓர் அகன்ற ஊதுகுழலுக்குள் முகத்தை நுழைத்தாற்போல் நின்று உரக்கப் பாட வேண்டும்; மூன்று நிமிடங்களுக்குள் முடித்துவிடவும் வேண்டும். இரவு முழுதும் இராக விஸ்தாரம் செய்து பழகியவர்களுக்கு இது எத்தகைய சோதனை என்று சொல்ல வேண்டியதில்லை. அச்சோதனையில் தேறியவர் கோஹர் ஜான் அம்மையார். பாட்டு முடிந்ததும் அவர் ஆங்கிலத்தில் தம் பெயரைச் சொல்லி முடிப்பார். இன்று அதைக் கேட்பவர்கள் அது ஒரு மிடுக்கு என்றெண்ணி மகிழ்கிறார்கள்; அன்று அதற்குக் காரணம் வேறு. மெழுகில் பதித்த அப்பாட்டுகள் கப்பலேறி ஜெர்மனியில் உள்ள ஹானோவர் நகருக்குச் சென்று அங்கேதான் தட்டாக அச்சாயின. அங்குள்ள தொழிலாளிக்கு எந்தத் தட்டு யாருடையது என்று எப்படித் தெரியும்? பாட்டோடு பெயரும் பதிந்திருந்தால் சீட்டு மாறாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு நேயர்களைக் கேட்டுக்கொள்கிறேன். பின்னர் நமக்கு வேண்டியிருக்கும். கல்கத்தாவில் புகழோங்கிய கோஹர் ஜான், கடைசியில் மைசூர் அரண்மனையின் ஆதரவை நாடித் தெற்கே சென்று, 1930-ஆம் ஆண்டு ஜனவரியில் அவ்வூரிலேயே காலமானார்.

ஹானோவருக்கு அனுப்பி வரவழைப்பது எத்தனை நாளைக்குக் கட்டும்? 1908-ஆம் ஆண்டில் கம்பெனி சியால்தாவில் ஓர் ஆலையை நிறுவியது. 1920-களின் இறுதியில் அதைவிடப் பெரிய ஆலை டம்டமில் எழுந்தது. கல்கத்தாவைத் தேர்ந்ததற்குத் துறைமுகம் மட்டும் காரணமன்று. தட்டுகளை இறுக்கிப் பிடிக்கும் பசை அரக்கு. அரைத்த கற்பொடியும் கரியும் அதனோடு சேரும். அந்த அரக்கு சோட்டா நாகபுரியிலும் புருலியாவிலும் பலாசமரம், இலந்தைமரம் முதலியவற்றின் கிளைகளில் ஒரு சிறு பூச்சி கசியவிடுவது. உலகுக்கு வேண்டிய அரக்கில் பெரும்பகுதி கல்கத்தா வழியாகவே கப்பலேறியது. இரண்டாம் உலகப் போரின்போது அரக்கு அரிதாகவே, 1942-ஆம் ஆண்டில் அமெரிக்க சர்க்கார் இசைத்தட்டுக்கு அரக்கை அளந்து கொடுக்கத் தலைப்பட்டது. பழைய தட்டுகளைச் சேகரித்து உருக்கிப் புதியவை செய்தார்கள். எத்தனை பேருடைய குரல் அந்தக் கொப்பரைகளில் கரைந்ததோ!

தென்னாட்டுக்கு இதில் என்ன உறவு என்று கேட்கலாம். எச்.எம்.வி., கொலம்பியா என்னும் சின்னங்களோடு சென்னையிலும் மதுரையிலும் விற்ற தமிழ்த் தட்டுகள் டம்டமில் அச்சிட்டு அனுப்பப்பெற்றவையே. சென்னையில் பாடியது மெழுகாகக் கல்கத்தாவுக்கு வந்து, தட்டாகச் சென்னைக்குத் திரும்பும். பிறகு எவரேனும் ஒரு தமிழ்க் குமாஸ்தாவின் டிரங்குப் பெட்டியில், வேட்டிகளுக்கிடையே பொதிந்து, மறுபடியும் ஹௌரா வந்து இறங்கும். எங்கள் அலமாரியில் உள்ள தட்டுகளுட் பல இவ்வாறு பிறந்த ஊருக்கே மீண்டு வந்தவை. எஸ். ஜி. கிட்டப்பா 1933-ஆம் ஆண்டில் இருபத்தேழு வயதில் மறைந்தார். பேசும் படம் ஒன்றிலும் அவர் நடிக்கவில்லை. அக்குரலை நாம் இன்று அறிவது அரக்குத் தட்டுகள் எவர் வீட்டிலோ உடையாமல் இருந்ததால்தான்.

எல்லாம் உடையாமல் இருக்கவில்லை. கிராமபோன் கம்பெனி வெள்ளைக்காரருடையது. அதற்குப் போட்டியாக ஹேமேந்திர மோகன் போஸ் என்னும் வங்காளி 1906-ஆம் ஆண்டளவில் மெழுகு உருளைகளில் பாட்டுகளைப் பதித்து விற்றார். வங்கப் பிரிவினையை எதிர்த்து நாடு கொதித்த நாட்கள் அவை. இரவீந்திரநாதரே அவருடைய கருவியின் முன் நின்று தம் தேசியப் பாட்டுகளைப் பாடினார். உருளையோ விரல் நகம் பட்டாலும் கீறும், வெயிலில் உருகும், மழையில் பூஞ்சணம் பூக்கும். அவற்றுட் பெரும்பாலானவை அழிந்தொழிந்தன. போஸ் செய்த ஒரு காரியத்தால் சில பிழைத்தன: 1908-ஆம் ஆண்டில் பிரெஞ்சு தேசத்துப் பாத்தே கம்பெனியைக் கொண்டு சில உருளைகளைத் தட்டுகளாக மாற்றச் செய்தார். மூலம் போயிற்று, இன்னொரு பொருளில் எடுத்த பிரதி நின்றது. இந்தப் போஸ், சத்யஜித் ரேயின் பாட்டனாரான உபேந்திரகிஷோரின் சகோதரியை மணந்தவர். ரே சிறுவராக வளர்ந்தது எங்கள் பவானிபூரில், பகுல்பாகான் வீதியில் இருந்த மாமன் வீட்டில்; மேனாட்டுச் சங்கீதத் தட்டுகளைத் தேடித் தேடிச் சேர்க்கும் பழக்கம் அவருக்கு இளமையிலேயே பற்றிக்கொண்டது.

இடையில் ஒரு சொல். சர்க்கார் உத்தியோகத்துக்காகக் கல்கத்தா வந்த தமிழர், ஓய்வு நேரத்தில் ஒலியை ஆராய்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஸர் சி. வி. இராமன் சாட்சி. கணக்கு இலாகா அதிகாரியாக 1907-ஆம் ஆண்டில் வந்தவர், பௌபஜார் வீதியிலிருந்த விஞ்ஞானச் சங்கத்தின் கூடத்தில் வீணையையும் தம்புராவையும் ஆராய்ந்தார். மிருதங்கத்தின் கரணை ஏன் இன்னொலி தருகிறது என்பதை 1920-இல் உலகுக்கு எழுதினார். எனக்கு அத்தகைய எண்ணம் ஏதும் இல்லை. ஒரு பெட்டி வாங்கினால் போதும்.

வானொலியை விட்டுவிட்டு இந்தச் சரித்திரத்தைச் சொல்ல முடியாது. கல்கத்தா நிலையம் 1927-ஆம் ஆண்டு ஆகஸ்டு 26-இல் தொடங்கிற்று. மகாளய அமாவாசையன்று விடியற்காலை நான்கு மணிக்கு ஒலிக்கும் ‘மகிஷாசுரமர்த்தினி’ நிகழ்ச்சியை வங்காளத்தில் வாழும் தமிழர் அனைவரும் அறிவர். 1930-களின் தொடக்கத்தில் பிறந்த அந்நிகழ்ச்சியைப் பல்லாண்டு கலைஞர்கள் நேரிலேயே வந்து நடத்தினர். பிறகே ஒலிப்பதிவு வந்தது. 1976-ஆம் ஆண்டில் பீரேந்திர கிருஷ்ண பத்ரரின் குரலுக்குப் பதிலாக, நடிகர் உத்தம் குமாரைக் கொண்டு புதிய நிகழ்ச்சி ஒன்றை ஒலிபரப்பினார்கள். ஊரே சினந்தது. பழையதையே மீண்டும் ஒலிபரப்பி மக்களைத் தணித்தார்கள். பழையது நாடாவில் பத்திரமாக இருந்ததால் அது இயன்றது.

அதற்குப் பின் வந்தது காஸெட்டு. 1963-ஆம் ஆண்டில் பிலிப்ஸ் கம்பெனி வெளியிட்ட இச்சிறு பெட்டி, பாட்டைக் கேட்பவனையே பதிப்பவனாகவும் ஆக்கிற்று. என் தந்தையார் வாங்கிய காஸெட்டுகளைவிட அவரே பதித்தவை அதிகம்: சபாக் கச்சேரிகள், வானொலிச் சங்கீத சம்மேளனம், அத்தையின் கல்யாணத்தில் என் தாயார் பாடிய நலங்குப் பாட்டுகள். கல்கத்தாவின் ஈரக்காற்று நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சணம் படியச் செய்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் அறுபது காஸெட்டுகளை ஒரு கடையில் கொடுத்துக் கணினிக் கோப்புகளாக மாற்றி, கையடக்கமான ஒரு ஹார்ட் டிஸ்க்கில் வாங்கி வந்தோம். இனி எதற்கு இவை என்று, காஸெட்டுகளைப் பழைய சாமான்காரனிடம் நாங்களே எடைக்குப் போட்டோம். மூன்றாம் ஆண்டு, ஒரு நாள் காலையில் அந்த டிஸ்க் ‘டக், டக்’ என்று ஒலித்தது. அதற்குப் பின் ஒலிக்கவே இல்லை. சாந்தினி சௌக்கில் இரண்டு இடங்களில் காட்டினோம், கைவிரித்துவிட்டார்கள். என் தாயார் அதற்குள் காலமாகியிருந்தார். ஸ்ரீரங்கத்தில் வாழும் என் தமக்கை ஊருக்குப் போகும்போது விளையாட்டாக ஒரு சி.டி.யில் எடுத்துப் போன அரைமணி நேரம் மட்டும் தப்பிற்று. ஆகவே எந்தப் பெட்டி என்று மகன் கேட்டபோது, அது எவ்வளவு நன்றாகப் பாடும் என்று நான் கேட்கவில்லை.

இனிப் பெட்டியைப் பார்ப்போம். கணினியின் வன்தட்டும் சுழலும் தட்டுதான். ஊசிக்குப் பதில் காந்தமுனை. 1956-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். வெளியிட்ட முதல் வன்தட்டுப் பொறி, இருபத்துநான்கு அங்குல விட்டமுள்ள ஐம்பது தட்டுகளைக் கொண்டு, ஐம்பது இலட்சம் எழுத்துகளைத் தாங்கியது. இன்றைய தரத்தில் பதித்த ஒரு கீர்த்தனைக்குக்கூட அது போதாது. இன்று உள்ளங்கையளவு வன்தட்டுகள் இரண்டையோ நான்கையோ உள்ளே பொருத்தி, வீட்டு ரவுட்டரோடு ஒரு கம்பியால் இணைத்துவிட்டால், கைப்பேசியோ ஒலிபெருக்கியோ எதுவும் அதிலிருந்து பாட்டை இழுத்துக் கேட்கலாம். இதனைக் கடைக்காரர்கள் ‘நாஸ்’ என்கிறார்கள். அலுவலகக் கலைச்சொற் கோவைகள் ‘வலையச் சேமிப்பகம்’ போன்ற பெயர்களைத் தரும். எனக்கென்னவோ நெல்லுக்கு வழங்கும் களஞ்சியம் என்ற சொல்லே பொருத்தமாகத் தோன்றுகிறது.

எவ்வளவு பெரிது வேண்டும்? இங்கேதான் பலர் பணத்தை வீணாக்குகிறார்கள். குறுந்தட்டின் தரத்தில் ஒரு மணி நேர இசைக்கு 600 மெகாபைட்டுக்குச் சற்று மேல் இடம் பிடிக்கும். 2001-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ஃபிளாக்’ என்னும் முறை, ஒலியில் ஓர் அணுவும் குறையாமல் அதை ஏறத்தாழப் பாதியாகச் சுருக்கும்; எம்.பி.3 முறையோ சுருக்குவதற்காகச் சிலவற்றை எறிந்துவிடும், எறிந்ததைத் திரும்பப் பெற இயலாது. எங்கள் அலமாரி முழுவதும் கூட்டிப் பார்த்தால் நானூறு மணி நேரத்துக்குள் அடங்கும். ஒலி ஆவணக் காப்பகங்கள் மேற்கொள்ளும் உயர்ந்த தரத்தில் பதித்தாலும் அரை டெராபைட்டை ஒட்டியே நிற்கும். இரண்டு டெராபைட் வன்தட்டு எங்கள் வீட்டுக்கு இரண்டு தலைமுறைக்குப் போதும்.

வேகத்தைப் பற்றிய கவலையும் வேண்டாம். குறுந்தட்டுத் தரத்து இசைக்கு வினாடிக்கு 14 இலட்சம் பிட்டுகள் போதும். சாதாரணக் கம்பி இணைப்பு அதைப்போல் எழுபது மடங்கைத் தாங்கும். சினிமாப் படத்துக்கு வேண்டிய வலிமை பாட்டுக்கு வேண்டுவதில்லை. விலையுயர்ந்த பெட்டியில் வைத்தால் காம்போதி இன்னும் இனிக்கும் என்று எவரேனும் சொன்னால் புன்னகை செய்து நகர்ந்துவிடுங்கள். பெட்டியின் விசிறி இரைச்சல்தான் மெய்யான தொல்லை. அதைக் கேட்கும் அறையில் வைக்கலாகாது. பவானிபூரின் பழைய வீடுகளில் சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்த்துக் கட்டிய பருத்த சுவர்களை வைஃபை அலைகள் ஊடுருவுவதில்லை. ஆகையால் நடைக்கு ஒரு கம்பி இழுக்க வேண்டியதாயிற்று. வீட்டுக்காரரிடம் அனுமதி பெற்றது தனிக் கதை.

அடுத்தது ‘ரெய்டு’. வருமான வரி இலாகாவை நினைக்க வேண்டாம். 1988-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் பெர்க்லி சர்வகலாசாலையைச் சேர்ந்த பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் என்னும் மூவர் வெளியிட்ட கட்டுரையிலிருந்து பரவிய ஏற்பாடு இது. இரண்டு வன்தட்டுகளில் ஒரே செய்தியைக் கண்ணாடி போல எழுதிவைத்தால், ஒன்று பழுதானாலும் மற்றொன்று ஓடும். நல்ல ஏற்பாடே. ஆனால் கை தவறி ஒரு கோப்பை அழித்தால் இரண்டிலும் ஒரே நொடியில் அழியும். இடி விழுந்தால் இரண்டும் போகும். திருடன் தூக்கினால் பெட்டியோடு போகும். இரட்டைத் தட்டைப் பார்த்து அதையே காப்புப் பிரதி என்று நம்புவது, வீட்டுச் சாவி இரண்டையும் ஒரே வளையத்தில் கோத்துவிட்டு, ஒன்று தொலைந்தால் மற்றது இருக்கிறது என்பதைப் போன்றது. கல்கத்தாவில் இடியும் வெள்ளமும் கற்பனைகளல்ல. 2020-ஆம் ஆண்டு மே 20-இல் வீசிய அம்ஃபான் புயலுக்குப் பின் பல பகுதிகள் நாட்கணக்கில் மின்சாரமின்றி இருண்டு கிடந்தன. 2025-ஆம் ஆண்டு செப்டம்பர் 23-இல் ஓரிரவுப் பெருமழையில் தென் கல்கத்தாவின் வீதிகள் ஆறாயின. சித்திரை, வைகாசியில் வரும் கால்பைசாகிக் காற்றுக்கு மின்சாரம் எப்போது போகும் என்று எவராலும் சொல்ல முடியாது. எழுதிக்கொண்டிருக்கும் வன்தட்டுக்கு அது நஞ்சு. பெட்டிக்கு ஒரு சிறிய யு.பி.எஸ். வாங்குவது, இன்னும் இரண்டு தட்டு வாங்குவதைவிட முக்கியம்.

பெட்டியை இணையத்துக்குத் திறந்துவிட்டு, வெளியூரிலிருந்தும் கேட்கலாமே என்னும் ஆசை எழும். 2021-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், தயாரித்த நிறுவனம் பல ஆண்டுகளாகக் கவனியாது விட்ட ஒருவகைப் பழைய பெட்டிகளை இணையத்தின் வழியே எவரோ தாக்க, உலகெங்கும் பலருடைய பெட்டிகள் வெறுமையாயின. வீட்டுக்குள் மட்டும் கேட்பதாயின் இந்த அபாயம் மிகக் குறைவு. நாங்கள் அவ்வளவோடு நிறுத்திக்கொண்டோம்.

பெட்டியே வேண்டாம், மாதச் சந்தா கட்டினால் உலகப் பாட்டெல்லாம் கைப்பேசியில் வருகிறதே என்பாரும் உளர். வரட்டும்; நானும் கேட்கிறேன். ஆயினும் நம் நாட்டில் ரெஸ்ஸோ, விங்க் என்னும் இரு பாட்டுச் சேவைகள் 2024-ஆம் ஆண்டிலேயே மூடப்பெற்றன; அங்கே அடுக்கி வைத்த பட்டியல்களைப் பலர் இழந்தனர். என் தாயாரின் நலங்குப் பாட்டு எந்தச் சந்தாவிலும் வராது. பெட்டி செய்யும் கம்பெனிகளுக்கும் ஆயுள் உண்டு. ஸ்லிம் டிவைசஸ் என்ற சிறு நிறுவனம் 2001-ஆம் ஆண்டில் வீட்டுப் பாட்டைக் கம்பி வழியே இசைக்கும் கருவியொன்றைச் செய்தது. 2006-இல் அதை லாஜிடெக் வாங்கிற்று. 2012-இல் அந்தக் கருவி வரிசையைக் கைவிட்டது. 2024-இல் அதற்கான இணையச் சேவையையும் நிறுத்தியது. வாங்கியவர்கள் தவிக்க வேண்டியதுதானே? தவிக்கவில்லை. வீட்டிலேயே ஓடும் அதன் மென்பொருள் எவரும் திருத்தும்படி திறந்து வைக்கப்பெற்றிருந்ததால், ஆர்வலர்கள் ‘லிரியன்’ என்னும் புதுப்பெயரில் அதை நடத்தி வருகிறார்கள். ஆகவே கடையில் நான் கேட்ட முதற்கேள்வி: “இந்தப் பெட்டி இறந்துபோனால், உள்ளிருக்கும் தட்டைக் கழற்றி வேறொரு சாதாரணக் கணினியில் செருகிப் படிக்க முடியுமா?” கடைக்காரர் சற்று யோசித்தார். முடியும் என்று உறுதியாகச் சொன்ன வகையையே வாங்கினேன். பழைய கணினி சும்மா கிடக்கும் வீட்டில் அதையே பெட்டியாக்கிக் கொள்ளலாம்; மின்செலவு சற்றுக் கூடும், அவ்வளவே.

இப்போது கோஹர் ஜானின் பெயருக்கு வருவோம். தட்டில் உறை உண்டு, காஸெட்டில் கையெழுத்து உண்டு. கோப்புக்கு அவை இல்லை. பெயரை உள்ளேயே பதிக்காவிட்டால் ஆயிரம் பாட்டும் ஆயிரம் எண்களாய்க் குவியும். இந்த மென்பொருள்களின் பழக்கம் மேனாட்டுப் பழக்கம்: பாடியவர், தொகுப்பு, பாட்டு என்று மூன்று கட்டங்களையே முன்னே நீட்டும். நமக்கோ இராகம், தாளம், இயற்றியவர், வயலின், மிருதங்கம், எந்தச் சபை, எந்த ஆண்டு என அத்தனையும் வேண்டும். இயற்றியவருக்குக் கட்டம் இருக்கிறது; ‘வகை’ என்னும் கட்டத்தில் இராகத்தையும், ‘குறிப்பு’ என்னும் கட்டத்தில் பக்கவாத்தியக்காரர்களையும் எழுதினோம். இன்னோர் எச்சரிக்கை: முன்பு தனித்தனி எழுத்துருக்களில் தட்டெழுதிய தமிழ்ப் பெயர்கள் இன்று கிறுக்கலாகத் தோன்றும், யூனிகோடில் எழுதியவை மட்டுமே எல்லாக் கருவியிலும் தெரியும். நானூறு மணி நேர இசையைப் பதிப்பதைவிட, அதற்குப் பெயர் எழுதுவதே எங்களுக்கு நீண்ட வேலையாக இருந்தது. சில காஸெட்டுகளில் பாடியவர் யாரென்று தெரியவில்லை. அவற்றைத் தொலைபேசியில் ஒலிக்கவிட்டுத் தமக்கையிடம் கேட்டோம். ஒன்பதில் ஆறுக்கு விடை கிடைத்தது.

முடிவில் நாங்கள் வாங்கியது இரண்டு தட்டுச் செருகும் சிறு பெட்டி. அது நடையில், தரையிலிருந்து ஐந்தடி உயரத்தில், ரவுட்டருக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதன் முழுப் பிரதி ஒரு தனி டிஸ்க்கில், மின்சாரத்தோடு இணைக்காமல், தந்தையாரின் தேக்கு அலமாரியிலேயே உறங்குகிறது. மாதப் பிறப்பன்று வெளியே எடுத்துப் புதியவற்றைச் சேர்க்கிறோம். மூன்றாவது பிரதி ஸ்ரீரங்கத்தில் தமக்கை வீட்டில். பொங்கலுக்கு ஹௌராவிலிருந்து திருச்சி வண்டி ஏறும்போது புதிய டிஸ்க்கைக் கொண்டுபோய்க் கொடுத்துப் பழையதை வாங்கி வருவது என்று ஏற்பாடு. அரக்குத் தட்டுகளையும் மீதிக் காஸெட்டுகளையும் இம்முறை எடைக்குப் போடவில்லை. உறை மாற்றி, நிற்க வைத்து அடுக்கியிருக்கிறோம்.

சென்ற தை மாதம் தமக்கை தன்னிடமிருந்த சி.டி.யைத் தந்தாள். அதைக் கோப்பாக்கி மகன் கட்டங்களை நிரப்பினான். பாடியவர் என்ற இடத்தில் பாட்டியின் பெயர், இடம் என்ற இடத்தில் பவானிபூர், ஆண்டு 1987.